கோலி போட்ட சத்தம்

பெரியவர்களே, பிள்ளைகளே... கால்பந்து அணித் தேர்வுக்கு முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். ஏன் என்னை என்று தெரியவில்லை. மறந்துவிடாமல் இருக்க மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

1. அணி சேர்க்கும்போது முதலில் தேட வேண்டியது கோல் காக்கிற கோலியை.
2. அடுத்து, அவனுக்கு முன்னால் நிற்கும் ஸ்டாப்பரை. அவன் யாரையும் நம்பாதவனாக இருக்க வேண்டும்.
3. கோல் அடிப்பவனைக் கடைசியில். நாம் அவனைத்தான் முதலில் தேடுகிறோம்.

சரிதானே?... சரியென்றுதான் நினைக்கிறேன். விளங்குவதற்காக ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

ஒரு வருஷம் நமக்கும் மேலத்துறைக்கும் இறுதி ஆட்டம். நம் கோலி கிளீட்டஸ். அருமையான கோலி. ஒரே ஒரு குறை... பெண் எடுத்தது மேலத்துறையில்! அந்த அணியில் கோல் அடிக்கிறவன் யார்? அவருடைய மச்சினன்!

ஆட்டத்துக்கு முந்தின நாள் கிளீட்டஸ் மாமனார் வீட்டுக்குப் போய், கையில் பொதியோடு திரும்பினார். விடுவார்களா? கமிட்டித் தலைவர் பர்னபாஸ் மறித்துக்கொண்டார்.

"பொதியில என்னலே?"

"கையுறை, அண்ணே. மாமா வாங்கித் தந்தாரு."

"எதுக்கு? அவருக்க ஊரு தோக்கணும்னா?"

வாங்கினார்... திருப்பினார்... மோந்து பார்த்தார்!

"எண்ணெய் கிண்ணெய் தடவியிருக்காலே?"

"புதுசுக்க வாசம் அண்ணே அது! நாளைக்கு ஒரு கோல் விழுந்தாலும் இந்த ஊருல நான் தலைநிமிந்து நடக்க முடியுமா? எனக்குத் தெரியாதா?"

வேறு கோலி இல்லை. அதனால் தலைவர் ஸ்டாப்பர் அருளப்பனைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் என்ன சொன்னாலும் நம்பாத, கேட்டியா?"

"நான் யாரை நம்பியிருக்கேன் அண்ணே? வீட்டுக்காரி ஊத்துற குழம்பையே ரெண்டு மட்டம் பாத்துட்டுத்தான் திங்கேன்."

ஆட்டம் தொடங்கியது. மச்சினன் அடித்தான், கிளீட்டஸ் பிடித்தார். மறுபடி அடித்தான், மறுபடி பிடித்தார். நம் ஆட்கள் கை தட்டினார்களா? இல்லை... "நடிக்கான் பாருலே" என்றார்கள்!

முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கிளீட்டஸ் கத்தினார்: "அருளப்பா! உனக்கு வலப்பக்கம் ஆளு! மச்சினன் வாறான், திரும்பு!"

அருளப்பன் திரும்பினாரா?... திரும்பவில்லை. 'என்னை எதுக்கு அந்தப் பக்கம் அனுப்பப் பாக்கான்?' என்று இடப்பக்கம் நகர்ந்தார். மச்சினன் வலப்பக்கமாக வந்தான். கோல்.

தலைவர் சொன்னார், "பாத்தியளா... நேத்தே சொன்னேன்லா!"

கிளீட்டஸ் நேராக அவரிடம் வந்தார். கையுறையைக் கழற்றித் தலைவர் கையில் வைத்தார். "இன்னும் ஒருக்க மோந்து பாருங்க அண்ணே."

மறு வருஷமும் அவர் கோலில் நின்றார்... மேலத்துறைக் கோலில். அவரைத் தாண்டி நம்மால் ஒன்றுகூட அடிக்க முடியவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன்? மைதானம் முழுவதும் தெரிவது ஒருவனுக்குத்தான். அவன் கையைவிட வாய் பெரிது. அந்த வாயை நம்பாவிட்டால் மற்ற பத்துப் பேருக்கும் கண் இருந்து என்ன பயன்? இந்த வருஷத்துக் கோலியின் பையையும் நேற்று யாரோ திறந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். யார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை... பார்த்தவருக்குத் தெரியும்.

இன்னொன்று. ஸ்டாப்பர் யாரையும் நம்பாதவனாக இருக்க வேண்டும் என்று இரண்டாவதாகச் சொன்னேன் அல்லவா?... சொல்லிக்கொண்டு வரும்போதே உறுத்தியது. அருளப்பன் அப்படிப்பட்டவர்தானே? எதிரே வருகிறவனை நம்பக் கூடாது, சரி. பின்னால் நிற்கிறவனை நம்பியே ஆக வேண்டும். நான் சொன்னது தவறு. அதை அடித்துவிடுங்கள்.