தவக்காலக் கோதுமை

— அப்போ நாலாம் பாக்கெட்ல இருக்கிறது சாதாரண பூசணம் இல்லேங்கிறியா, ஜொவிட்டா?

— இல்ல ரொனால்ட் அங்கிள். மத்த மூணு பையிலேர்ந்து எடுத்த பாக்கெட்டும் தப்பிச்சுது. இந்தத் தட்டை மட்டும் பாருங்க. ஒவ்வொரு கோதுமை மேலயும் மஞ்சளும் பச்சையுமா, பவுடர் தூவின மாதிரி.

— வெளித்தூசியா இருக்கும்மா. மயிலாப்பூர்ல மெட்ரோவுக்குத் தோண்டறான் பாரு, நம்ம கோயில் கோடவுன் பூரா ஒரே புழுதி.

— அந்தத் தூசி போகத்தான் மருந்துத் தண்ணியில முக்கி எடுத்துட்டு வெச்சேன். அப்படியும் வளர்ந்திருக்குன்னா பூசணம் மணிக்குள்ளயே போயிடுச்சு. மைக்ராஸ்கோப்லயும் பாத்தாச்சு. துடைப்பம் மாதிரி தெரிஞ்சா வேற வகை. இது உருண்டைத் தலை, சுத்திலும் பொடிப்பொடியா விதை. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். காலையிலேர்ந்து இதையேதான் குனிஞ்சு பாத்துட்டு இருக்கேன், கண்ணு ரெண்டும் எரியுது.

— பேரு நல்லாத்தான் கீது மேடம். துன்னா இன்னா ஆவும்?

— ஈரல் கெடும் தேவானைக்கா. இந்தப் பூசணம் விஷம் கக்கற ஜாதி. கக்கியிருக்கான்னு பாக்க வேற டெஸ்ட் இருக்கு. ஆனா கோயில்ல ஏழைக் குழந்தைங்களுக்குப் போடற சாப்பாட்டுல அவ்வளவு தூரம் போய்ப் பாக்கவே வேணாம். கொட்டிடுங்க.

— பாரும்மா, சப்பாத்திதானே சுடப்போறோம்? தோசைக்கல்லு சூட்டுல எதுதான் சாகாது?

— பூசணம் சாகும் அங்கிள், விஷம் அப்படியே நிக்கும். இந்த லேபுக்கு வர்ற எல்லாரும் நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்கன்னுதான் கேக்கறாங்க. எனக்கு அலுத்துப்போச்சு. நீங்களாவது கேக்காதீங்க.

— சரி, கேக்கலை. ஆனா சாயங்காலம் கோயில் பங்குக் கமிட்டியில நான் பதில் சொல்லணுமே? ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலம் பூரா ஒவ்வொரு வீடும் தினம் ஒரு பிடி எடுத்து வெச்சுக் குடுத்த கோதுமை. கோடவுன் தேவானை பொறுப்பு. வாடை அடிக்குதுன்னு சொன்னதும் அவதான். ஈரம் பட்டிருந்தா அது அவ அசட்டைதான். வேற ஆளைப் போட்டுக்கலாம்னு கமிட்டியில சொல்லப்போறேன். அவளை வெச்சுக்கிட்டே சொல்றேன், முதுகுக்குப் பின்னாடி பேசற பழக்கம் எனக்குக் கிடையாது.

— சொல்லிக்கோங்க சார். ஆத்தாங்கரைல குடிசை இருந்தப்போ நடந்தே வேலைக்கு வருவேன். குடிசைய இடிச்சு பெரும்பாக்கத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க, இப்போ ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கினு கீறேன். ஒடம்பு ஓஞ்சுபோச்சு. தரைய தொடைக்க சொல்ல பக்கெட்டை ஒதைச்சுட்டேன். பை நனைஞ்சுது. அவ்ளோதான்.

— கேட்டியா ஜொவிட்டா? அவளே ஒத்துக்கறா.

— ஒரு நிமிஷம் அங்கிள். கோடவுன் ஈரம்னா அத்தனை பையையும் கொட்டணும், பசங்களுக்குச் சாப்பாடே இல்லாமப் போகும். அதனால சரியாப் பாக்கணும். தேவானைக்கா, பக்கெட் தண்ணின்னா பையோட அடிதானே நனையும்? நீங்க அந்தப் பையில மேல, நடுவுல, அடியிலன்னு தனித்தனியா எடுத்துக் குடுத்தீங்க. எல்லாத்துலயும் பூசணம் இருக்கு. நடுவுலதான் ஜாஸ்தி.

— எனக்கு இன்னா தெரியும் மேடம். நனைஞ்சுது, அவ்ளோதான்.

— இன்னொண்ணும் இருக்கு. மருந்துத் தண்ணி படாம பாக்கெட்ல மீதி இருக்கறதைப் பாருங்க. இதுல ஒரு கல்லு இல்ல, உமி இல்ல, தூசி இல்ல. தோல் சுருங்கியிருக்கு. சிலது முளைகூட எட்டிப் பாக்குது. யாரோ சுத்தமா கழுவி, ஈரம் போறதுக்குள்ள கட்டிட்டாங்க. கோடவுன் மேல குத்தமில்ல, வீட்லேர்ந்தே ஈரமா வந்திருக்கு. இந்த ஒரு பையைக் கொட்டினாப் போதும். யார் வீட்டுப் பைக்கா இது?

— பேரு இல்லியே மேடம். ஒண்ணுலயும் பேரு எய்த மாட்டாங்க.

— கழுவறது தப்பாம்மா?

— தப்புன்னு யார் சொன்னா அங்கிள்? காணிக்கைக்குப் போறதைக் கழுவிக் குடுக்கணும்னு நல்ல மனசுக்குத்தான் தோணும். நல்லா காய வைக்கணும், அதுதான்.

— காய வெச்சிருந்தா?

— எங்க?

— வீட்டுக்குள்ளதான். ஃபேனுக்குக் கீழே, ஒரு ராத்திரி பூரா.

— பத்தாதே. மொட்டை மாடியில சுள்ளுன்னு வெயில் படணும். பல்லுல வெச்சுக் கடிச்சா டக்குன்னு உடையணும்.

— மாடி ஏற முழங்கால் விடலை. கைக்குக் காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

— அங்கிள்...

— என் வீட்டுக்காரி ஐரின்தான் வருஷா வருஷம் கழுவுவா. ஆண்டவருக்குப் போறதை அழுக்கோட குடுக்கலாமான்னு கேப்பா. பொங்கலுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துட்டா. இந்த வருஷமும் அவ பங்கு விட்டுப்போகக் கூடாதுன்னு தினம் ஒரு பிடி எடுத்து வெச்சேன். அவ கழுவறதைத்தான் சமையல்கட்டுல பாத்திருக்கேன். அப்புறம் மாடியில என்ன செய்வான்னு ஒரு நாளும் போய்ப் பாக்கலை.

— உக்காருங்க அங்கிள். இந்தாங்க, தண்ணி குடிங்க. கோடவுனுக்குப் போய்ப் பையைப் பாத்திருந்தா உங்களுக்கே அடையாளம் தெரிஞ்சிருக்கும்.

— அந்தப் படியும்தான் ஏற முடியலையே. பேர் எழுத வேணாம், காணிக்கைக்கு எதுக்குப் பேருன்னு சட்டம் போட்டவனும் நான்தான். யேசுவே, இந்தப் பொம்பளையை வேலையை விட்டுத் துரத்த இருந்தேனே! கமிட்டியில நானே எழுந்து சொல்றேன், என் வீட்டுப் பைன்னு.

— வாணாம் சார். பக்கெட்டுன்னே இருந்துட்டுப் போவட்டும்.

— தேவானை, பக்கெட்டை நீ உதைக்கவே இல்ல. சரிதானே?

— இல்ல சார்.

— அப்புறம் ஏம்மா பொய் சொன்னே? சோறு போடற வேலையாச்சே!

— பை வாயைக் கட்டிக்கீறது ஐரின் அம்மாவோட ஊதாப்பூ சேலைத் துண்டு சார். ஞாயித்துக்கெழம பூசைக்குக் கட்டிக்கினு வருமே, அது. புள்ளைங்க துன்னக் கூடாதுன்னு பாக்கெட்டை மேடம்கிட்ட எடுத்தாந்துட்டேன், ஆனா அம்மா பேர்ல நீங்க குடுத்தது வெசமாயிடுச்சுன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்றது?