நூலுக்கேத்த செவப்பு

இரும்மா, பில்லு போடாத. வாங்குறேன்னு நான் இன்னும் சொல்லலையே. வீகன் லிப்ஸ்டிக்கு, மிருகக் கொழுப்பு இல்ல, பூச்சிச் சாயம் இல்லன்றியே, நீ பாத்தியா? டப்பாவுல பச்சை எலை இருந்தா ஆச்சா? அத நானும்தான் அச்சடிச்சு ஒட்டுவேன்.

கோவமெல்லாம் இல்லமா. இருவது வருசமா வூட்டுல தறியும் போட்டு, பட்டுப்பொடவ வாங்கி விக்கிறவ நான். ஜரிகைய உரசிப் பாக்காம எவனுக்கும் காசு குடுத்ததில்ல.

காயத்ரியா உன் பேரு? சரி, உண்மைய சொல்லு. இத யாரு வாங்குறாங்க? சின்ன காஞ்சிபுரத்து மாமிங்களா? அது ஆச்சாரம், புரியுது. காலேஜ் பொண்ணுங்க ஏன் வாங்குது? மூஞ்சில பரு வராதுன்னா? இல்லியா. போட்டோ புடிச்சுப் போடறதுக்கா? எவனாச்சும் ஏத்திவுட்டு செய்யிதுங்களா?

இந்த சாயத்தயெல்லாம் முயலு கண்ணுல ஊத்தி சோதிச்சுப் பாக்குறாங்களாமா? அத நெனச்சா மனசு கேக்கலையாமா? தோ, நீயும் அதே பேச்சு. யாரு சொல்லிக்குடுத்தாங்க உனுக்கு?

இல்லமா, என் பொண்ணு சுகாசினியும் இதான் சொல்லுது. சென்னைக்கு வேலைக்குப் போச்சு. மொதல்ல பால நிறுத்துச்சு. அப்பறம் மையி, பவுடருன்னு ஒண்ணொண்ணா தூக்கிப் போட்டுச்சு. நான் சிரிச்சுக்கினு இருந்தேன். தை மாசம் கல்யாணம்னு ஆனதும், கூரைப்பொடவைக்குப் பட்டு எடுத்துக் காட்டுனேன். கையால தொடல. ஒரு பொடவைக்கு எத்தினி ஆயிரம் பூச்சிய உசுரோட வேவ வெக்கிறாங்க தெரியுமாம்மான்னு கேக்குது. அந்தப் பட்டுலதான்டி நீ தின்ன, படிச்சன்னு கத்திட்டேன். நாலு மாசமா பேச்சில்ல. மாப்ள வேல்முருகன் வேலதான்னு நேர்லயே போய்ப் பாத்தேன். ஓட்டல்ல அந்தாளு கோழிக்கறி தின்னுக்கினு இருக்காரு. எதிர்ல இவ மோரு கூட இல்லாம ரசத்த ஊத்திக்கினு இருக்கா. அப்ப யாருதான் ஏத்திவுட்டாங்க, சொல்லு.

சரி வுடு, வெலைய கொற. ஆவாதா? நல்லா பேசுற, பொழச்சுக்குவ. கலராச்சும் காட்டு. இது வாணாம், ஆரஞ்சு அடிக்குது. இந்தா, பர்ஸுல சாம்பிள் நூலு வெச்சிருக்கேன், இதுக்கு ஒத்து வரணும். டியூப்லைட்டுல பாக்காத, வாசல் வெளிச்சத்துல புடி.

இன்னா அப்டி பாக்குற? பளபளப்பு இல்லியா?

பருத்திமா அது. கூரைப்பொடவதான். எங்கூட்டு தறியில பாதி ஓடியிருக்குது. அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த மூணாவது செவப்ப எடு, பாப்போம்.