பிறந்ததும் கடனாளி

மச்சான்: அழிச்சாச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மாப்ளே.

மாப்பிள்ளை: எதை?

மச்சான்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்தத் தேர்தல் போஸ்டர் படத்தை.

மாப்பிள்ளை: என் பொண்ணு படத்தையா? எந்த ஸ்டுடியோக்காரன் சொந்தப் பொண்ணு படத்தை அழிப்பான்?

மச்சான்: எதிர்க்கட்சி ஆளுங்க இங்க வந்துட்டுப் போனாங்களாமே...

மாப்பிள்ளை: வந்தாங்க. டீ வாங்கிக் கொடுத்தேன்.

மச்சான்: டீயா! நாளைக்கு அதே படம், அதே வரி, சின்னம் மட்டும் அவங்களுது. என் கதி என்ன ஆகும்?

மாப்பிள்ளை: கத்தாதீங்கன்னு சொல்லமாட்டேன். பாப்பாவுக்குத்தான் கேக்காதே.

மச்சான்: என் வாயையே பாக்குறாளே...

மாப்பிள்ளை: படம் எடுத்த அன்னிக்கும் இதே நாற்காலிதான். நான் கிலுகிலுப்பையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறேன், திரும்பவே மாட்டேங்கிறா. 'மாமனை மாதிரியே அழுத்தக்காரி'ன்னு சிரிச்சீங்க. அப்புறம்...

மச்சான்: விடுங்க அதை.

மாப்பிள்ளை: பால் பாட்டிலைப் பிடுங்கினீங்க. அழுதா. படம் எடுத்தேன். 'பிறந்ததும் கடனாளி!'ன்னு எழுதி ஊரெல்லாம் ஒட்டி, நாட்டையே அடகு வச்சுட்டாங்கன்னு கூப்பாடு போட்டு ஜெயிச்சீங்க.

மச்சான்: ஊதாரித்தனமா செலவு பண்ணாங்க, கேட்டோம்.

மாப்பிள்ளை: இப்ப உங்க ஆட்சியில கடன் ரெண்டு மடங்கு.

மச்சான்: அது கடன் இல்ல... முதலீடு.

மாப்பிள்ளை: ஓஹோ! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?

மச்சான்: அவங்க மட்டும் என்ன யோக்கியம்? 'கடன் வாங்காம எந்த நாடு வளரும்'னு அன்னிக்குக் கேட்டவங்க, இன்னிக்கு அதே கடனுக்கு மாரடிக்கிறாங்க.

மாப்பிள்ளை: அவ்வளவு வாங்கினீங்களே, பாப்பா போயிட்டிருந்த பேச்சுப் பயிற்சி மையத்துக்கு மட்டும் ஏன் மச்சான் இல்லாமப் போச்சு? 'மா' வரைக்கும் வந்தா. அம்மாவா, மாமாவான்னு நீங்களும் உங்க தங்கச்சியும் சண்டை போட்டீங்க. அடுத்த எழுத்து வர்றதுக்குள்ள பூட்டிட்டீங்க. இந்த வயசு தாண்டினா பேச்சு வர்றது கஷ்டம்னு டாக்டர் சொல்றார்.

மச்சான்: நானா பூட்டினேன்? சிக்கனம்னு... மேலிடத்து முடிவு.

மாப்பிள்ளை: தெரியும். சபையில எதிர்த்துப் பேசினேன்னு சொன்னீங்களே.

மச்சான்: ம்... சொன்னேன்.

மாப்பிள்ளை: அதனாலதான் உங்களை இன்னும் வீட்டுக்குள்ள விடுறேன். ஆனா... படத்தைக் கொடுத்துட்டேன்.

மச்சான்: ஐயோ! என்ன கொடுத்தாங்க?

மாப்பிள்ளை: ஒரு பைசா வாங்கல. ஜெயிச்சா மையத்தைத் திறக்கிறோம்னு அவங்க தலைவரே என் கையைப் பிடிச்சுச் சொன்னார். பூட்டக் கூடாதுன்னு சபையில எவ்வளவோ போராடினாராம். கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு.

மச்சான்: போராடினாரா? அவரா?

மாப்பிள்ளை: ஏன் சிரிக்கிறீங்க?

மச்சான்: சிரிக்கல மாப்ளே... அந்த மையம் வீண் செலவுன்னு தீர்மானம் வந்தப்ப ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. இத்தனை வருஷத்துல ரெண்டு கட்சியும் ஒண்ணா கை தூக்கினது அன்னிக்கு மட்டும்தான். அவரும் தூக்கினார். எதிர் வரிசையில... நானும் தூக்கினேன்.