மூணாவது ஜோடி மீனு

இந்தா பாரு ரஃபி, இதுவும் செத்துப்போச்சு! மூணாவது ஜோடிப்பா. கவரப் பிரிச்சுப் பாரு, தங்கமீனு மாதிரியா இருக்கு? வெளுத்துப்போயி... சீக்கு மீனாப் பாத்து எனக்குத் தள்ளிவிடுறியா? உனக்கு பிளஸ் ஒன்ல கெமிஸ்ட்ரி எடுத்த ரோசலின் டீச்சர்னுகூடப் பாக்கலையே!

இரு, இரு, நான் பேசிக்கிறேன். யாருக்காக வாங்குறேன்? எங்க வீட்டுக்காரருக்கு. கஸ்பார் சார் எப்படி இருந்த மனுசன்... பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு, பேச்சே இல்ல. மொத ஜோடியக் கொண்டுபோய்த் தொட்டியில விட்டேன் பாரு, அது போற பக்கமெல்லாம் அவரு விரலும் போச்சுடா! எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் அந்த மூஞ்சில சிரிப்பப் பாத்தேன். மறுநா காலைல ரெண்டும் மல்லாந்து கெடக்கு. அவரு செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

தண்ணி சரியில்லன்னு மட்டும் சொல்லாத. தண்ணியப் பத்தி எனக்கா? முப்பத்தோரு வருசம் அதைத்தானே கத்துனேன்! ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். பக்கத்துல இருக்கறதோட கையக் கோத்துக்கிட்டு லேசுல விடாது. அதனாலதான் சட்டுனு சூடாகாது, சட்டுனு ஆறாது. இல்லேன்னா இந்தத் திண்டுக்கல் வெயிலுக்கு நீயும் நானும் வெந்துபோயிருப்போம். ஐஸ் மெதக்கலேன்னா குளிர் நாட்டுல ஒரு மீனு பொழைக்குமா? இதெல்லாம் நடத்தும்போது நீ கடைசி பெஞ்சுல தூங்குன!

என்னடா, அந்த மீன்தொட்டி மோட்டாரவே பாக்குற? எனக்கு விக்கலாம்னா? வேணாம், கொர்ருன்னு கத்துனா அவரு தூக்கம் போயிரும். தீனியா? வேளாவேளைக்குப் போட்டேன். ரெண்டும் மேலயே வந்து வாயத் தெறந்து தெறந்து மூடுச்சுக. பசின்னு இன்னுங் கொஞ்சம் போட்டேன். போர் தண்ணி விடல, அதுல சோப்பே நுரைக்காது. குழாத் தண்ணியும் அப்படியே விடல. சாருக்குக் குடிக்க வைக்கிற மாதிரியே குண்டால தளதளன்னு கொதிக்கவச்சு, ஆறவச்சு, தட்டுப் போட்டு மூடி...

ஏன் தலையச் சொறியுற? கொதிச்சா கிருமி சாகும்டா. தண்ணில எதுதான் கரையாது? உப்பு, சக்கரை, ஏன், காத்துகூடக் கரையும். அடுப்புல வச்சதும் மொதல்ல குட்டி குட்டியாக் குமிழ் விடும்ல, அது ஆவி இல்ல. உள்ள கரைஞ்சு கெடந்த காத்து வெளிய போகுது. அதத்தான் மீனு மூச்சு...

சேசுவே.

அப்ப அதுக பசிக்கா வாயத் தெறந்துச்சுக?

ஏண்டா ரஃபி, மொத ஜோடி குடுக்கும்போதே என்னமோ சொல்ல வந்தியே, "டீச்சர், தண்ணி..."ன்னு. "எனக்குத் தெரியும், போடா"ன்னேன். ரெண்டாவது தடவையும் அதான் சொன்னேன். இப்பக் கொஞ்சம் முன்னாடியும்...

இன்னொரு ஜோடி குடுப்பா. தண்ணிக்குள்ள காத்து விடுற அந்த மோட்டாரும் எடு. அவருக்கு எங்க தூக்கம், செவுத்தப் பாத்துக்கிட்டு முழிச்சுத்தான் கெடக்காரு. இந்தா, பேனா எடுத்துட்டேன். குழாத் தண்ணியப் பிடிச்சு, குளோரின் போக எத்தன நாள் வச்சிருந்து ஊத்தணும்? மொதல்லருந்து சொல்லு, எழுதிக்கிறேன்.

சத்தியமா வாயத் தெறக்க மாட்டேன். சொல்லு.