கடைசி எழுத்து

தங்கை: ஐயோ, தராசு எங்க போச்சு?

அண்ணன்: எங்கயும் போகல. கீழ இறங்கிடுச்சு. இரு...

தங்கை: கம்ப்யூட்டர்ல நீ ஒரு எழுத்து அடிச்சா அது ஒரு முழம் நகருது. ஆணி அடிச்சு நிறுத்த முடியாதா அந்தப் படத்தை?

அண்ணன்: முடியும். 'எழுத்துக்குப் பின்னால நில்லு'ன்னு சொல்லணும். அதுக்கு ஒரு பட்டன் இருக்கு... இதோ. நின்னுடுச்சா?

தங்கை: நின்னுடுச்சு. ஆனா ரெண்டு தட்டு தராசு வேண்டாம்ணா.

அண்ணன்: ஏன்? தராசு ரிப்பேர் கடைக்கு வேற என்ன படம் வைப்பாங்க?

தங்கை: வக்கீல் ஆபீஸ்னு நினைச்சு யாராவது விவாகரத்துக்கு வந்து நிப்பாங்க.

அண்ணன்: வரட்டுமே. சொத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டுக் கொடு.

தங்கை: விளையாடாத. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகணும். லெட்டர்ஹெட்ல இருந்தாதான் வாங்குவோம்னு அங்க இருக்கிற மேடம் கறாரா சொல்லிட்டாங்க. நாற்பது எடை மெஷின். ஒரு வருஷத்துக்கு நம்ம பொறுப்பு.

அண்ணன்: அதுல குழந்தைங்க எடை பார்க்கிறது எத்தனை?

தங்கை: பன்னெண்டு. அந்தப் பக்கம் நீ வராத. நீ கை வெச்சா பிறக்கிற குழந்தையெல்லாம் ஆறு கிலோ காட்டும்.

அண்ணன்: ஒரே ஒரு தடவைதானே அப்படி ஆச்சு!

தங்கை: நீ கடைக்கு வந்து நாலு மாசம்தானே ஆகுது. இன்னும் காலம் இருக்கு.

அண்ணன்: உன் வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்கல பாரு... சரி, இந்தப் படம்? வட்ட மூஞ்சி, நடுவுல முள்ளு.

தங்கை: இது நல்லா இருக்கு. ஆனா முள்ளு ரெண்டு கிலோ தள்ளி நிக்குது.

அண்ணன்: படத்துல கூடவா பார்ப்ப?

தங்கை: மேல ஒண்ணுமே இல்லாம ரெண்டு கிலோ காட்டினா எவன் நம்பி வேலை கொடுப்பான்? பூஜ்யத்துக்குக் கொண்டு வா.

அண்ணன்: உத்தரவு... ம், முள்ளை மட்டும் கொஞ்சம் திருப்பிட்டேன். இப்ப பூஜ்யம். அடுத்து பேரு. அப்பா கொடுத்த சீட்டு எங்க?

தங்கை: உன் கீபோர்டுக்கு அடியிலதான் இருக்கு. காலையிலேர்ந்து.

அண்ணன்: ஆமா... அப்பா பேரு மேல. பக்கத்துல '&'. அப்புறம்... 'மகன்'. அடுத்த வரியில 'எடைக் கருவிகள் பழுது பார்ப்பவர்கள்'. சரிதானே?

தங்கை: ...சரிதான்.

அண்ணன்: நல்லாப் பார்த்துச் சொல்லு. கோணல் மாணலா இருக்கு. 'ன்'னா, 'ள்'ளா?

தங்கை: உடம்பு முடியாம படுத்ததிலேர்ந்து அவர் எழுத்து அப்படித்தானே இருக்கு.

அண்ணன்: பேச்சும்தான் குழறுது. அதான் உன்னைக் கேக்கறேன்.

தங்கை: வேற என்னவா இருக்கும்? 'ன்'தான். அடி.

அண்ணன்: அடிச்சாச்சு.

தங்கை: எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு.

அண்ணன்: எதை? மகனையா?

தங்கை: அப்பா பேரை. மகன் ஏற்கெனவே பெருசாத்தான் இருக்கான்.

அண்ணன்: கோபமா?

தங்கை: எதுக்குக் கோபம்?

அண்ணன்: ஆறு வருஷமா இந்தக் கடையைத் திறந்து மூடுறது நீ. மீன் மார்க்கெட் மெஷினையெல்லாம் கழுவிப் பிரிச்சுட்டு, வாடை போகலன்னு மூணு தடவை குளிக்கிறது நீ. எனக்கு வேலை போச்சு, பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னேன். பேரு மட்டும் எனக்கா?

தங்கை: நீ வந்த அன்னிக்கு அப்பா முகத்தைப் பார்த்தல்ல? சுவரைப் பிடிச்சுட்டே வாசல் வரைக்கும் நடந்து வந்தார். அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் சரிதான் எனக்கு.

அண்ணன்: அது அப்பாவுக்கு. உனக்கு வேணுமா, வேண்டாமா?

தங்கை: போன் நம்பர் இடது ஓரத்துல ஒட்டிட்டு இருக்கு. வலது பக்கம் தள்ளு.

அண்ணன்: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தங்கை: வேணும்! போதுமா? கையில ஸ்க்ரூடிரைவரோட நிக்கிறேன், அப்பவும் 'மெக்கானிக் இல்லையாம்மா'ன்னு என் தோளைத் தாண்டி உள்ள எட்டிப் பார்க்கிறாங்க. ஒரு காகிதத்துலயாவது நான்தான்னு இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. விடு. நம்பரைத் தள்ளு.

அண்ணன்: இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

தங்கை: அண்ணா, நம்பர்.

அண்ணன்: தள்ளுறேன், தள்ளுறேன். ஸ்பேஸ் தட்டித் தட்டித் தள்ளினா நாளைக்கு வேற கம்ப்யூட்டர்ல கலைஞ்சுடும். கோடு தெரியாம ரெண்டு கட்டம் போட்டு, இந்தக் கட்டத்துல முகவரி... அந்தக் கட்டத்துல நம்பர். எப்படி?

தங்கை: பெரிய வித்தைக்காரன்தான்.

அண்ணன்: எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே. பக்கத்துக்கு அடியில ஒரு வரி போடலாமா? 'எங்கள் எடை துல்லியமானது'ன்னு?

தங்கை: உன் எடையை யாரு கேட்டா? ஒண்ணும் வேண்டாம், சுத்தமா இருக்கட்டும்... ஐயையோ, எல்லாம் மங்கிப் போச்சே! என்ன பண்ணின?

அண்ணன்: கத்தாத, அப்பா தூங்கறார். ஒண்ணும் ஆகல. தலைப்பை விட்டு வெளிய வந்து கடிதம் எழுத ஆரம்பிச்சா அப்படித்தான் காட்டும். அச்சுல பளிச்சுன்னு விழும்.

தங்கை: நிஜமாவா?

அண்ணன்: நிஜமா. நாலு காகிதம் அடிச்சுப் பார்க்கவா?

தங்கை: ம்.

அண்ணன்: அடிச்சிடவா?

தங்கை: இரு... அடிக்காத.

அண்ணன்: இன்னும் என்ன நகரணும்?

தங்கை: ஒண்ணும் நகர வேண்டாம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட போய்ச் சொல்லிடாத.

அண்ணன்: சொல்லு.

தங்கை: அந்தச் சீட்டு அப்பா எழுதினது இல்ல. அவருக்குப் பேனா விரல்ல நிக்கவே இல்ல. அவர் சொன்னார், நான் எழுதினேன்.

அண்ணன்: உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குமே.

தங்கை: 'மகன்'னு காதுல விழுந்ததும் கை ஓடல. அப்படியே எழுதவும் மனசு வரல, மாத்தி எழுதவும் தைரியம் வரல. இடது கையால கிறுக்கி வெச்சேன். நீயாப் பார்த்து 'ள்'னு படிச்சுட்டா படிக்கட்டும்னு... திருட்டு புத்திதான். திட்டணும்னா திட்டு.

அண்ணன்: உன்னைத் திட்ட நான் யோக்கியனா? அந்தச் சீட்டு புரியலன்னு காலையில அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விடும்போது அவர்கிட்டயே கேட்டேன். சொன்னார், குழறிடுச்சு. மறுபடி கேட்டேன். எரிச்சலாகி, கன்னத்து நுரையை விரலால வழிச்சுக் கண்ணாடியில எழுதினார். ஒரே எழுத்து. 'ள்'. நீதான் காதுல தப்பா வாங்கியிருக்க... எனக்கு வலிச்சுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரமாவது அந்த இடத்துல நான் இருந்து பார்க்கலாமேன்னுதான் 'மகன்'னு அடிச்சேன். பார்த்துட்டேன், போதும். வா, இந்த நாற்காலியில உட்காரு, அந்தக் கடைசி எழுத்தை நீயே மாத்து.