மாவு பூசிய சீமாட்டி

மீசையில் முதல் நரையைக் கண்ட பீதியில், தேன்கனிக்கோட்டைக் கடையில் டை கேட்க வெட்கப்பட்டு ஓசூர் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் வெள்ளிக்கிழமை பார்லர் திறக்கிறாளாம். போனில் பேனரைக் காட்டினாள். பழைய பிரெஞ்சுச் சீமாட்டியின் ஓவியம்.

“ஏன்டி, பார்லருக்குக் கெழவி படமா? தலையெல்லாம் நரை! எவ வருவா?”

“வயசுப்பொண்ணுதான்க்கா. அந்தக் காலத்துல அவங்க தலைமுடியில மாவு பூசி வெள்ளையாக்கிக்கிட்டுத்தான் படம் வரைய உக்காருவாங்களாம்.”

“நரைக்கறதுக்கு மெனக்கெட்டாங்களா?”

“அதான் ஸ்டைலு. பேனர் அடிச்சாச்சு, யாரும் வரலைன்னா என்னக்கா பண்றது?”

மூத்தவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“கன்னத்தப் பாத்தா சின்னப்பொண்ணுதான். மொத ஆளா நான் வரேன். டை வேணாம், என் நரைமுடிய இவளாட்டம் தூக்கிக் கட்டிவிடு. அப்படியே கம்பெனிக்குப் போறேன், மத்தவளுங்க தானா வருவாளுங்க.”

ஓசூரில் இறங்கி டை கடையைத் தாண்டி நடந்தேன். ஓவியத்துக்கு உட்காரலாம் போலிருந்தது.