என் பேரு மட்டும் வேணாம்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர். கார் உதிரிபாகம் ஏற்றுமதி செய்யும் சிறு முதலாளிகள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவர் மடியில் ஒரு ஃபைல்.

“மனுவுல என் பேரு மட்டும் வேணாங்ண்ணா.”

“அமெரிக்காவுல வரி ஏத்துனதுல உன் ஆர்டரும்தானே பாதியாப் போச்சு? டெல்லியில போய்ச் சொல்ல வேணாமா?”

“சொல்லுங்க. ஆனா நான் தவிக்கறது தெரிஞ்சா, வாங்கறவன் மீதி ஆர்டரையும் வேற நாட்டுக்குக் கொடுத்துடுவான்.”

“சங்கத்துல எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பேனாவ எடுக்கறாங்க, மூடி வெச்சுடறாங்க.”

“யாருமே கையெழுத்துப் போடலையா?”

மூத்தவர் ஃபைலைத் திறந்து காட்டினார்.

“ஒருத்தர் போட்டிருக்காரு. உத்தனப்பள்ளி ரோட்டுல போன மாசம் கம்பெனியப் பூட்டிட்டுப் போனாரே, அவரு.”